மகனுக்குக் கொழுப்பு

"கிருஷாந்துக்குக் கொழுப்பு கூடிப்போச்சுன்னு ஆமியில சொல்லிட்டாங்களாம்," என்றாள் என் பெண்சாதி விஜயகலா.

"அதை நான் அவனுக்குப் பத்து வயசிலேயே சொன்னேன்."

"விளையாடாதீங்க. இந்த ஒரு மாச லீவுல எண்பத்தஞ்சு கிலோவுக்கு இறங்கலைன்னா கோப்ரல் பதவி கிடையாதாம்."

கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மகன், மறுநாளே ரப்பர் மலையில் ஓடத் தொடங்கினான். இரண்டு வாரம் ஓடினான். வீட்டில் தராசு ஏது? ஒரு சாயந்தரம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக் கொட்டகைக்கே வந்து, நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியைப் பிடித்துத் தொங்கினான். கிலோக் கணக்கில் கூலி வாங்க, பறித்த கொழுந்தோடு வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முள் எண்பத்துநாலில் நின்றது.

"முடிஞ்சுச்சுப்பா. நம்ம மலையில ஓடினா இப்படித்தான் கரையும்."

"ஓடுடா. இன்னும் பத்து கிலோ குறை," என்றேன்.

"முள்ளை நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேன். ஓடு."

விஜயகலா தன் கொழுந்துச் சாக்கை இறக்கிக்கொண்டே, "உங்களுக்கு யார் மேலதான் நம்பிக்கை? தராசு கூடவா பொய் சொல்லும்?" என்றாள்.

பெண்களெல்லாம் அவள் பக்கம். நான் அவள் சாக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். மிச்ச லீவு முழுக்க அவள் அவனுக்குத் தேங்காய் ரொட்டி சுட்டுப் போட்டாள்.

ராணுவ முகாமுக்குப் போன மறுநாள் போன் வந்தது.

"அப்பா, இங்க தொண்ணூத்திநாலு காட்டுது. பதவி போச்சு. அந்த மடுவத்துத் தராசைக் குறைச்சா வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசுடா," என்றேன். "அம்மா பக்கத்துல இருக்கா. முப்பது வருசமா அவ கொழுந்தையும் அதுலதான் நிறுக்கிறேன்."