ஸ்பூன் இல்லாத டீ

"உன் அப்பாவுக்கு அமைதியான சாவுதான் தாயி" என்றார் வந்தவர். "படுத்தவர் எழுந்திரிக்கல."

கிளாவ்தியா கிளாஸில் டிகாக்ஷனை ஊற்றி, சமோவாரின் குழாயைத் திறந்து வெந்நீர் விட்டாள்.

தீஹன் என்று பெயராம். வடக்கே கைதி முகாமில் அப்பாவோடு மரம் வெட்டியவராம். விடுதலையாகி ஊருக்குப் போகிற வழியில் சேதி சொல்ல இறங்கினாராம்.

அப்பாவைக் கொண்டுபோனபோது அவளுக்கு ஆறு வயது. முகம்கூட நினைவில் இல்லை. எங்காவது உயிரோடு இருப்பார் என்ற நினைப்பை மட்டும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். இன்றோடு அதுவும் போயிற்று.

கணவன் கிளெப் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வந்தவரை உள்ளே விட்டான். கெட்டவன் இல்லை, பயந்தவன். ரயில் பணிமனையில் அவனுக்குப் பெரிய பதவி வரப்போகிறது. கைதியின் மருமகன் என்று வெளியே தெரிந்தால் வராது. வாசலிலேயே நிறுத்தி, அதை அவரிடம் சொல்லியும்விட்டான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா ஐயா?"

"எல்லாரும் பட்டதுதான். டீயைக் குடி, ஆறிடும்."

சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் கிளாஸைத் தூக்கினார். அவளும் தூக்கினாள்.

கிளெப் சிரித்துவிட்டான்.

"பாருடி, உனக்கு ஒரு ஜோடி வந்தாச்சு. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு டீ குடிக்கிற கிறுக்கு ஒலகத்துலயே நீ ஒருத்திதான்னு இருந்தேன்."

வந்தவர் சட்டென்று கிளாஸைக் கீழே வைத்தார். வலக்கண்ணைத் திறக்க மறந்துவிட்டார்.

அப்பா டீயைக் கலக்கிய பிறகு ஸ்பூனை எடுக்கவே மாட்டார். அதன் காம்பு குத்திவிடாமல் வலக்கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அவர் மடியில் உட்கார்ந்து, வெறும் கிளாஸிலும் அவள் அப்படியே குடித்துப் பழகினாள்.

இப்போது இரண்டு கிளாஸிலும் ஸ்பூன் இல்லை.

"ரயிலுக்கு நேரமாச்சு தாயி." அவர் எழுந்து தொப்பியைத் தேடினார்.

கிளாவ்தியா அவர் கிளாஸை மறுபடி நிரப்பினாள். அதில் ஒரு ஸ்பூனைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

பிறகு, கிளெப்பின் பக்கம் திரும்பாமலே போய், கதவைத் தாழிட்டாள்.