முனை உடைந்த கத்தி

கத்தி கீழே விழுந்ததும் வெர்னான் செய்த முதல் காரியம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் நோட்டம் விட்டதுதான். நெற்றி வியர்த்துவிட்டது. கையில் என்ன, எங்கேயுமே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

சிமெண்ட் தரையில் மோதியதில் கத்தியின் முனை அரிசி மணியளவு ஒடிந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் அட்லாண்டா கத்திக் கண்காட்சியில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

வெர்னான் மேக்கன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அங்கே கத்திப் பிரியர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கண்காட்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு நோட்டீஸ் எழுதி, காலையில் வேனில் வரும்போதுகூட உரக்கப் படித்துக் காட்டினார். கத்தியைச் செய்தவர் இல்லாத மேசையில் எதையும் தொடாதே. கேட்டுவிட்டு எடு. அலகில் விரல் படாமல் பிடி. திருப்பிக் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் நீட்டு. வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் மேசையை மறித்துக்கொண்டு நிற்காதே.

"வருஷா வருஷம் இதே பாட்டுதானாப்பா?" என்று பின் இருக்கையிலிருந்து சங்கத்து நண்பன் டுவேன் கிண்டல் செய்திருந்தான்.

அவர் கத்தியை எடுத்த மேசை நெல்டா என்பவளுடையது. மான் கொம்பில் பிடி போட்டு அவள் செய்யும் வேட்டைக் கத்தியை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று வெர்னானுக்கு இரண்டு வருட ஆசை. அவர் வந்து சேர்ந்த நேரம், அவள் எழுந்துவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் பார்த்துக்கோங்க சார்" என்று எதிர் வரிசையில் இருந்த தாடிக்காரரிடம் குரல் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்து மேசையில், கை எட்டும் தூரத்தில், ஓடெல் என்ற பருத்த மனிதர் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

தாடிக்காரரை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. ஓடெல் குனிந்து தன் பெட்டியில் எதையோ தேடினார். வெர்னானின் கை தானாகவே நீண்டது. வியர்த்த விரல்களுக்குள் மான் கொம்பு வழுக்கியது.

அவசரமாகக் கத்தியை உறைக்குள் செருகி, எடுத்த இடத்திலேயே வைத்தார். கூட்டத்துக்குள் நுழைந்து நடந்தார். இருபது அடி கூடப் போயிருக்கமாட்டார்.

"முனை எங்கே? யாரு தொட்டது இதை?" நெல்டாவின் குரல்.

திரும்பிப் பார்த்தார். தாடிக்காரர் தனக்குத் தெரியாது என்று கையை விரித்தார். நெல்டா பக்கத்து மேசையை முறைத்தாள்.

"இங்கதானே குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே? கண்ணு எங்க போச்சு?"

ஓடெல் மெதுவாக எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "நான்தான் எடுத்துப் பார்த்தேன். கை வழுக்கிடுச்சு. என் தப்புதான், மன்னிச்சுடு."

"கேட்காம எடுத்தியா? நீ எப்பவுமே இப்படித்தான்!"

போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஓடெல் தலை குனிந்து அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டார்.  'நான்தான்' என்று வெர்னான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கால்கள் எதிர்ப்பக்கம் நடந்தன.

சாப்பாட்டுக் கூடத்தில் டுவேன் இறைச்சி வைத்த பன்னை மென்றுகொண்டே சிரித்தான். "கேட்டியா வெர்னான்? எவனோ ஒரு தடியன் கேட்காம எடுத்து, கத்தியை உடைச்சுட்டானாம். உன் நோட்டீஸ்ல ஒண்ணை அவன் மூஞ்சியில ஒட்டணும்!"

வெர்னானுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. முப்பது வருடமாகக் குழந்தைகளை ஏற்றி இறக்கியவர். பொய் சொன்ன பிள்ளைகளை வண்டியை நிறுத்திவிட்டுக் கண்டித்தவர். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவர் போனபோது நெல்டா மேசையில் இல்லை. ஓடெலிடம் போய் நின்றார்.

"ஐயா, அந்தக் கத்தியைக் கீழே போட்டது நான். கோழை மாதிரி ஓடிட்டேன்."

"தெரியும். குனிஞ்சபடியே பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

வெர்னானுக்குக் காது சூடாகியது. "பார்த்தீங்களா? அப்புறம் ஏன் பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

ஓடெல் பதில் சொல்வதற்குள் நெல்டா இரண்டு ஐஸ் டீ தம்ளர்களோடு வந்துவிட்டாள். ஒன்றை ஓடெலின் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"சர்க்கரை போடாதது. உனக்குத்தான் ஒத்துக்காதே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

வெர்னான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

இரும்புப் பிடியாக ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றிப் பின்னால் இழுத்தது. ஓடெலின் கண்கள் கலங்கியிருந்தன. வெர்னானின் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்.

"கெடுத்துடாதீங்க சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆறு வருஷமா இவ பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கி உட்கார்றேன். என் தங்கச்சி இன்னிக்குத்தான் என்கிட்ட பேசுறா."