சிவப்பு வாளி

“பதினெட்டுத் தட்டு! தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான் கெடக்கு. பதினெட்டுத் தட்டுக் கலவையிலயும் தண்ணிய ஊத்திட்டு வந்து நிக்கிறா பாரு!”

முதலாளி சீனிவாசகம் மேசையைத் தட்டினார். எதிரே பாண்டிமீனா நின்றாள். பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்துக் கலவை நிரப்பும் அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக யாரும் சொல்லவில்லை. “நாளையிலேர்ந்து வேன்ல ஏறாதே” என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

“ரெண்டு தட்டு தொட்டா சுட்டுச்சு மொதலாளி.”

“ரெண்டுதானே? மீதி பதினாறும் நல்லாத்தானே இருந்துச்சு? வெயில் பட்டிருக்கும்.”

“மானம் மூட்டம் போட்டுல்லா கெடந்துச்சு. பதினெட்டும் ஒரே கலவை மொதலாளி. சூடேறுனா வெடிச்சிரும்லா. உள்ள நாலு பொம்பளைக இருந்தோம். அதான் வாசல்ல இருந்த வாளிகள எடுத்து...”

“அந்த வாளி ஆபீசர் வந்தா காட்டறதுக்கு வச்சது. ஊத்தறதுக்கா வச்சிருக்கு?”

தீயணைக்க வைத்திருந்த அந்தச் சிவப்பு வாளிகளுக்கு வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றி வந்தவள் பாண்டிமீனாதான். அவை பார்வைக்கு மட்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் பிரபாகரன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி விஞ்ஞானி. இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். ‘எங்கள் தொழிலாளர் குடும்பம் தந்த விஞ்ஞானியே வருக’ என்று பட்டாசு ஆலை வாசலில் முதலாளியே ஃபிளக்ஸ் வைத்திருந்தார். அவன் கண்டுபிடிக்கிற மாத்திரை இன்னும் ஒரு மனிதர் வாய்க்கும் போகவில்லை. ஃபிளக்ஸ் வந்துவிட்டது.

அந்த மாத்திரையைப் பற்றி நேற்றுத்தான் தங்கச்சிக்கு விளக்கியிருந்தான்.

“கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு புள்ள. அதுல ஒரு வாட்ச்மேன். ரத்தத்துல கால்சியம் எம்புட்டு இருக்குன்னு பாக்குறதுதான் அவன் வேலை. கிட்னி கெட்டுப்போனா அவன் தூங்கிருவான். சுரப்பி பாட்டுக்கு எலும்ப அரிச்சு ரத்தத்துல கொட்டும். எங்க மாத்திரை அவனத் தட்டி எழுப்பும்.”

“ஒரு வாட்ச்மேன எழுப்பவாண்ணே பத்து வருசம்? இங்கன எங்க போர்மேன் ஒரு சத்தத்துல எழுப்பிருவாரே.”

“ரொம்பத் தட்டிட்டா கால்சியம் ஒரேயடியா எறங்கிரும். இருதயம் துடிப்புத் தப்பி, ஆளே போயிரும். அதான் மொதல்ல நாய்களுக்குக் கொடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

எதிர்வீட்டுக் கற்பகம் மதினியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்காக விருதுநகருக்கு பஸ் ஏறுகிறவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே, “சீக்கிரம் முடிங்க தம்பி. வந்த அன்னைக்கே மொத மாத்திரை நான்தான் போடுவேன்” என்றாள்.

இப்போது பிரபாகரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஐயா, ரெண்டு தட்டுதானேன்னு சொன்னீங்க. அந்த ரெண்டுதான் சாட்சி. மீதி பதினாறு சும்மா இருந்தது எதுக்கும் சாட்சி இல்லை. எங்க ஆராய்ச்சியில மொதப் பாடமே இதுதான். தனக்குப் பிடிக்காத டேட்டாவ ஓரமா எடுத்து வைக்கிறவன் விஞ்ஞானியே இல்லை. கொலைகாரன்.”

‘டேட்டா’ என்ற சொல்லுக்கு முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதையே பாண்டிமீனா சொன்னபோது அதற்குப் பெயர் திமிர்.

“படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏ பாண்டிமீனா, நாளைக்கு வேன்ல ஏறிரு. தம்பி, ஒரு போட்டோ எடுத்துக்கிருவமா? வர்ற வருச காலண்டர்ல போடலாம்.”

போட்டோ எடுத்தார்கள். பாண்டிமீனா அதில் இல்லை. எடுத்தது அவள்தான்.

வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. ஃபிளக்ஸுக்குக் கீழே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ மட்டும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலைண்ணே.”

“இதுல என்ன புள்ள இருக்கு? உண்மைன்னா உண்மைதான். யாருக்காகவும் மாத்திச் சொல்ல முடியாது.”

அவன் செல்போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்து. இரண்டு எட்டுத் தள்ளிப் போனான். குரல் தள்ளிப் போகவில்லை.

“சொல்லு சண்முகவேல்... என்ன, இருதயத்துடிப்புல கோளாறா? எத்தனை நாய்க்கு?... முப்பத்திரண்டுல ரெண்டுக்குத்தானே? மீதி முப்பதும் நல்லாத்தானே இருக்கு?... ஏய், வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங் இருக்கு. இப்பப் போய் இதச் சொன்னா மொத்தத்தையும் இழுத்து மூடிருவாங்க. பத்து வருசம்யா... ஒண்ணு பண்ணு. அந்த ரெண்டையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துரு. ஈ.சி.ஜி. வயர் சரியா மாட்டலைன்னு எழுதிக்கலாம்.”

செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். தலைக்கு மேலே ஃபிளக்ஸில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆபீஸ் விஷயம்” என்றான்.

பாண்டிமீனாவுக்குக் கண் காய்ந்துவிட்டது.

“ஏண்ணே, ஒங்க ஆபீஸ்ல வாளி கெடையாதா?”