ரப்பர் வளையம்

ஆவடி குவார்ட்டர்ஸ் கூடத்தில் மாலை வெயில் சிவந்து கிடக்க, நாளை அந்தமானுக்குப் பறக்கும் கணவன் கலியமூர்த்தியின் முக்குளிப்புச் சாமான்களைப் பையில் அடுக்குகிறாள் வசந்தகுமாரி. கடலடியில் அவள் எடுத்த ஆமைப் படத்தை அவன் பெயரில் அச்சிட்ட வாரப் பத்திரிகை, மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. தண்ணீருக்கடியில் கேமராவை வைக்கும் பெட்டியைத் திறக்கிறாள். விமானத்தில் காற்றழுத்தம் மாறினால் மூடி இறுகிக்கொள்ளும். அதனால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை வழக்கம்போலக் கழற்றுகிறாள். போய் இறங்கியதும் அதைத் திரும்ப மாட்டுவது எப்போதும் அவள்தான். அப்படியொன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. இந்தத் தடவை அவளை விட்டுவிட்டு அவன் மட்டும் போகிறான்.

"இன்னா வசந்தா, வெயிட்டு கொறஞ்சிச்சா? வேண்டாததெல்லாம் எடுத்துடு" என்கிறான் உள்ளேயிருந்து.

"எடுத்துட்டேங்க."

அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்து, அந்த வளையத்தை இறுக்கிச் சுற்றுகிறாள்.