புத்தாண்டின் முதல் கால்

"தம்பி, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

ஹுவே நகரத்து ஆற்றுப் பாலத்தடியில் முதுகுப்பை மேல் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். துவார்த்தே என்று பெயர். போர்ச்சுகல்காரன், வியட்நாமுக்கு வந்து இறங்கி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. கைப்பேசியைப் பார்த்துப் படித்து, அந்த ஊர் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினான்.

"தொண்ணூறு. பேரைக் கேக்காம வருஷத்தைக் கேக்கறீங்களே?"

"இங்க அப்படித்தான். தொண்ணூறுன்னா... குதிரை வருஷம்!" கேள்வி கேட்ட பியென் கையைத் தட்டினார்.

அன்றைக்கு டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு. அங்கே வருடத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர்; ஆளுக்கு ஆள் பொருத்தம் பார்ப்பதும் அதை வைத்துத்தான். வருடம் பிறந்ததும் ஒரு வீட்டு வாசலை முதலில் மிதிப்பவருடைய யோகம்தான் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க. போன டெட்டில் பியென் வீட்டை முதலில் மிதித்தது மச்சினன் துவான். குடை இரவல் கேட்க வந்தவன். அந்த வருடம் பியெனுடைய நூடுல்ஸ் கடையில் சூப் அண்டாவின் அடி கழன்று விழுந்தது. சமையல்காரன் எதிர்க்கடைக்கு ஓடினான். சர்க்கரை டப்பாவில் இருந்த எறும்புகூட வரிசையாகத் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இந்த வருடமும் அப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அதே துவான் இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு முணுமுணுத்தான். "அத்தான், நீங்க புலி வருஷம். குதிரை பொருந்தும், சரி. ஆனா ஆளைப் பாருங்க. ஒரு கால்லதான் செருப்பு இருக்கு."

"இன்னொன்னு எங்க தம்பி?"

"ரயில்லேர்ந்து இறங்கறப்போ தண்டவாளத்துல விழுந்துடுச்சு."

"துணிமணி?"

"பெட்டி வேற நாட்டுக்குப் போயிடுச்சாம்."

பியென் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "வேலை?"

"சேர்ந்த ரெண்டாம் நாளே கம்பெனியை மூடிட்டாங்க."

"அதுக்கு முன்னாடி இருந்த கம்பெனி?"

"அது எரிஞ்சு போச்சு."

"அடடா! கல்யாணம்?"

"பொண்ணு, ஃபோட்டோ எடுக்க வந்தவன்கூடப் போயிட்டா. ஃபோட்டோவும் வரலை."

பியெனுக்கு முகமெல்லாம் பல். துவான் அவரைத் தனியே இழுத்தான். "அத்தான், வேணாம்! என் காலையே தாங்க முடியலை. இவன் மிதிச்சா கூரை நிக்குமா?"

"உனக்கு விவரம் பத்தாதுடா. ஒவ்வொருத்தனுக்கும் கெட்டது இவ்வளவுன்னு ஒரு அளவு இருக்கு. இந்தத் தம்பி மொத்தத்தையும் செலவு பண்ணிட்டார். இனிமே நல்லது மட்டும்தான் மிச்சம்."

"அப்ப நான் இன்னும் செலவு பண்ணலையா?"

"நீதான் மகா கஞ்சனாச்சே."

துவார்த்தேவுக்குக் கண் கலங்கியது. "என் கஷ்டத்தை இவ்வளவு ஆசையா யாருமே கேட்டதில்லை அண்ணே. வந்த மறுநாளே எனக்கு ரெண்டு நண்பர்கள்!"

"நண்பனா? நீங்க எங்களுக்குத் தெய்வம். வாங்க, விருந்து காத்துக்கிட்டிருக்கு."

மூவரும் நடந்தார்கள்.

"அத்தான், நம்ம வீடு வடக்கால இருக்கே?"

"இந்த வருஷம் வீட்டைவிட்டுக் கிளம்பினா மொதல்ல தெற்கால நடக்கணும்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு. பேசாம வா."

வழியில் ஒரு சேவல் மற்ற இருவரையும் விட்டுவிட்டு, துவார்த்தேயை மட்டும் தேடி வந்து கொத்தியது. பியென் சேவலுக்கு நன்றி சொன்னார்.

சிவப்பு விளக்குகள் தொங்கிய ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மஞ்சள் பூச்செடி பீங்கான் தொட்டியில் பூத்துக் குலுங்கியது. துவான் வாயைத் திறந்தான். பியென் அதைக் கையால் பொத்தினார்.

"கதவு திறந்துதான் இருக்கு. நேரா உள்ள போங்க தம்பி. சத்தமாப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லுங்க."

"நீங்க வரலையா?"

"மொதல்ல நீங்க ஒருத்தர்தான் மிதிக்கணும். அதுதான் மரியாதை."

துவார்த்தே போனான். வாசல்படி தடுக்கியது. விழாமல் இருக்கப் பூச்செடியைப் பிடித்தான். தொட்டி சுக்குநூறாக, செடியோடு சேர்ந்து கூடத்தின் நடுவில் போய்க் குப்புற விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே வாழ்த்தும் சொன்னான். உள்ளே யாரோ ஒரு பெண்மணி வீறிட்டாள்.

பியென் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மச்சினனை இழுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடினார்.

அங்கே மூச்சு வாங்கத் துவான் கேட்டான். "அத்தான், அது எதிர்க்கடை லுவோங் வீடாச்சே!"

"பின்னே? அவன் எலி வருஷத்துக்காரன். எலிக்கும் குதிரைக்கும் ஆகவே ஆகாது. நம்ம வீட்டுக்கு மூணு பிள்ளை பெத்த தலைமை ஆசிரியரை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். கஷ்டம்னா என்னன்னே தெரியாத மனுஷன்!"

இருவரும் சிரித்துக்கொண்டே பியென் வீட்டை அடைந்தபோது மணி ஏழரைகூட ஆகவில்லை. வாசலில் அவர் மனைவி ஹான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் காலில் மாவுக்கட்டோடு ஒரு வெளிநாட்டுப் பெண், வாழையிலையில் கட்டிய புத்தாண்டு அரிசிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். பியெனைக் கண்டதும் அவள் ஆசையாக ஏதோ சொல்ல, அவளுடைய கைப்பேசி அதைக் கணீரென்று மொழிபெயர்த்தது:

"உங்க ஊர்க்காரங்க எவ்வளவு நல்லவங்க! லுவோங்னு ஒரு அண்ணன், ரயிலடியில உக்கார்ந்து என் கஷ்டத்தையெல்லாம் மூணு தடவை கேட்டார். நான் பொறந்த வருஷத்தைச் சொன்னதும் அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துடுச்சு. நேரா இந்த வாசல்ல கொண்டாந்து விட்டுட்டு, எதுக்கோ சிரிச்சுக்கிட்டே ஓடிப் போனார்!"