மங்களம் எழுதிய முதல் தாள்

சுண்ணாம்புக் குன்றைத் தாண்டி வந்த வெயில் மருந்தறை மேசைமேல் விழுகிறது. பழைய ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சிறிய அரசாங்க கிளினிக்கில், வேலையில் நேரும் தவறுகளை எழுதிப் போடச் சொல்லி ஒரு பெட்டி வைத்து மூன்று வாரமாகிறது. யார்மேலும் நடவடிக்கை இருக்காது என்று அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் நம்பவில்லை, பெட்டி காலியாகவே இருக்கிறது. தலைமை நர்ஸான மிஸ்ஸி மங்களத்தின் அதட்டலுக்கு இருபது வருடமாகப் பயந்து பழகிய இடம் இது. இன்று காலைக் கூட்டத்தில் அவரே எழுந்து நிற்கிறார். பெட்டியில் போட அவரே எழுதிய தாள் கையில் இருக்கிறது. “நேத்து ரெண்டு பழனியப்பன் வந்தாங்க. ஒருத்தரோட இன்சுலினை இன்னொருத்தருக்குப் போடப் போயிட்டேன். அஃப்ரீன் அடையாள அட்டையில இருக்கிற ஐசி நம்பரைக் கேட்டதால தப்பிச்சோம்லா.”

வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான அஃப்ரீன் தலையைக் குனிந்துகொள்கிறாள். தலைமை மிஸ்ஸியின் கையைத் தடுத்ததற்குத் திட்டு விழும் என்று நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள். மங்களம் அவள் தோளைத் தொடுகிறார். “நீ கேட்டது நல்லதாப் போச்சும்மா. இனிமே எல்லாரும் கேக்கணும்.” வெளியே நோயாளிகள் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கிறது. மருந்து எடுத்துக் கொடுக்கும் சுரேன் சுவரோரம் நின்றபடி தொண்டையைச் செருமுகிறான். “அக்கா, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. போன மாசம் நடந்தது.” மங்களத்தின் புருவம் பழக்கத்தில் நெரிகிறது; பிறகு மெல்லத் தளர்கிறது. பக்கத்திலிருந்த நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போடுகிறார்.

“உக்காந்து சொல்லு,” என்கிறார். “பசியாறிட்டியா?”