கம்பியும் கையும்

கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் காலை வெளிச்சம் நீச்சல் குளத்தில் உடைந்து சுவரெல்லாம் நெளிகிறது. தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பின் பயிற்சியாளர் கரையில் நின்று, பாட்டின் தாளத்துக்கு முழங்காலை உயர்த்திக் குதித்துக் காட்டுகிறாள். ஒவ்வொரு குதிப்புக்கும் அவளுடைய இடது முட்டி சுரீரென்கிறது. மார்பளவுத் தண்ணீரில் நிற்கும் ஒன்பது பெண்களும் தங்கள் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "முட்டியைத் தூக்குங்கம்மா, குரலை இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்; ஒரு முட்டியும் எழவில்லை. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர், ஓரத்துக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நிற்கிறார். மூன்று வாரமாக அதே கம்பி, அதே பிடி.

"கையை விடுங்க சார், ஒண்ணும் ஆகாது."

"உனக்கென்னம்மா, தரையில நிக்கிற. இங்க என் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."

பெண்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்புகிறார்கள். பயிற்சியாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் புரியவில்லை. வகுப்பு நேரத்தில் பயிற்சியாளர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது மேலாளரின் கட்டளை. அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் படியில் விறுவிறுவென்று இறங்குகிறாள். கால்சட்டை நனைந்து கனக்கிறது. தண்ணீரைத் தள்ளித் தள்ளி நடந்து அவர் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டுகிறாள்.

"என்னைப் பிடிங்க."

அவர் ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து அவள் மணிக்கட்டைப் பற்றுகிறார். எலும்பு நோகிற பிடி.

"இன்னொரு கை?"

"அது நாளைக்கும்மா."